காற்றும் மழையும் காரைக் கெடுத்தால்



பருவக்காற்று மாறுகின்ற மாதங்களில் நம் தோட்டங்களில் நாம் ஆண்டுதோறும் காண்கின்ற காட்சி ஒன்று உண்டு. காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகலில் கருமேகம் மலைபோல் எழும்பி நிற்கும். வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் காற்று சுழன்றடிக்கும்; கூரைத் தகரம் படபடக்கும். என்றாவது ஒருநாள் கூரைமேல் கல் விழுவதுபோல் சத்தம் கேட்கும். பிள்ளைகள் ஓடிப்போய் ஆலங்கட்டி பொறுக்குவார்கள்.

அந்தக் கருமேகத்தின் உச்சியில் நீர்த்துளிகள் உறைந்து கட்டிகளாகின்றன. ஆனால் நம் நாட்டு வானில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே குளிர் குறைந்துவிடுவதால், கட்டிகளில் பெரும்பாலானவை வரும் வழியிலேயே கரைந்து மழையாகிவிடுகின்றன. குளிர்நாடுகள் பலவற்றில் ஆலங்கட்டி கார்களின் கூரையைக் குழிகுழியாக்கிவிடும். நம் நாட்டிலோ முறிந்து விழும் மரமும் ஏறிவரும் வெள்ளமுமே வாகனத்துக்குப் பெரிய பகை. 2021 டிசம்பரில் ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு இறுதியில் வந்த வெள்ளங்களில் வாகனங்களுக்கு ஏற்பட்ட இழப்பு மட்டும் ஏறக்குறைய 100 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். முப்பது ஆண்டு பால்மரம் சீவிய பெரியவர் ஒருவர், சேமநிதிப் பணத்தில் பழைய கார் ஒன்று வாங்கினார். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கும் மனைவியை மருத்துவமனைக்கும் கொண்டுபோவதற்கு அது ஒன்றுதான் துணை. ஒரு மாலை புயற்காற்றில் மரம் சாய்ந்து காரின் கூரை நசுங்கிப்போயிற்று. "முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன் வாத்தியாரே, கவலை இல்லை" என்றார். சில வாரங்கள் கழித்து ஒரு கடிதத்தோடு பள்ளிக்கு வந்து, படித்துச் சொல்லச் சொன்னார். இழப்பீடு கிடையாது என்று அதில் எழுதியிருந்தது. அதை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

கடிதம் சொன்னது சரிதான். 'முழு' என்ற சொல்தான் அவரை ஏமாற்றிவிட்டது.

நம் நாட்டில் வாகனக் காப்புறுதி மூன்று வகைப்படும். முதலாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதி. நம் வாகனத்தால் பிறருக்கு நேரும் கேட்டுக்கு அது பொறுப்பேற்கும்; நம் வாகனத்துக்கு ஒரு காசும் தராது. நம் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றுக்கு இருப்பது இதுதான். இரண்டாவது, அதனோடு தீயும் திருட்டும் சேர்ந்தது. மூன்றாவதுதான் முழுக் காப்புறுதி. விபத்தில் நம் வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கும் இது பணம் தரும். ஆனால் வெள்ளம், புயல், நிலச்சரிவு போன்ற இயற்கைச் சீற்றங்கள் இதில் பொதுவாக அடங்கா. அவற்றுக்கு 'சிறப்பு இடர்' என்னும் கூடுதல் காப்பைக் கேட்டு, தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும்.

அது எவ்வளவு ஆகும்? 2017 ஜூலை முதல் இந்தக் கட்டணங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. 20,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்த காருக்கு நூற்றுக்கு அரை வெள்ளி வீதம் என்றால், ஆண்டுக்கு 100 வெள்ளி. குறைந்த கட்டணத்தில், ஒரு குறிப்பிட்ட தொகைவரை மட்டும் தரும் காப்பும் உண்டு. ஆகவே சாலை வரி புதுப்பிக்கப் போகும்போது, "வெள்ளம், புயல், மரம் விழுதல், ஆலங்கட்டி இவையெல்லாம் சேர்ந்திருக்கின்றனவா? எவ்வளவு வரை?" என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. பத்திரத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

சரி, காப்பு இருக்கிறது, சேதமும் நேர்ந்துவிட்டது. அப்போது என்ன செய்வது?

முதலில் உயிர், பிறகுதான் கார். காற்று ஓயும்வரை மரத்தடிக்குப் போகக் கூடாது. நீரில் மூழ்கிய காரை முடுக்கிப் பார்க்கவே கூடாது. இயந்திரத்துக்குள் புகுந்த நீரை அழுத்திச் சுருக்க முடியாது. முடுக்கினால் உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டு வளைந்து, சிறிய செலவு பெரிய செலவாகிவிடும்.

அடுத்து, மரத்தை அகற்றுவதற்கு முன்பே படம் எடுங்கள். வண்டி எண், சேதம், விழுந்த மரம், நீர் ஏறிய அளவு எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்து நகல் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது பத்திரங்களில் வழக்கமாக உள்ள விதி. அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை நிறுவனத்திடமே கேளுங்கள். மதிப்பீட்டாளர் பார்த்து, ஒப்புதல் வரும்வரை பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

கையில் வரும் தொகை சிலருக்கு வியப்பளிக்கும். பழைய காருக்குப் புதிய உதிரிப்பாகம் பூட்டினால், விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். காரின் வயது 5 ஆண்டு ஆகும்போது 15 விழுக்காட்டில் தொடங்கி, 10 ஆண்டுக்கு மேல் 40 விழுக்காடு வரை அது போகும். 1,000 வெள்ளிப் பாகத்துக்கு 400 வெள்ளி நம் பையிலிருந்து போகக்கூடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஐந்து ஆண்டு இழப்பீடு கோராத காருக்குக் கட்டணத்தில் 55 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். நாம் இழப்பீடு வாங்கினால் அந்தத் தள்ளுபடி போய்விடும். 1,000 வெள்ளிக் கட்டணத்துக்கு 450 கட்டி வந்தவர், மறு ஆண்டு 1,000 கட்ட வேண்டும். அதற்கடுத்த ஆண்டு 25 விழுக்காடு தள்ளுபடியில் 750. இரண்டே ஆண்டில் 850 வெள்ளி கூடுதல். ஆகவே ஆலங்கட்டி பட்ட நாலைந்து குழிகளைத் தட்டி எடுக்க 300 வெள்ளிதான் ஆகும் என்றால், கைக்காசைப் போட்டுச் செய்துகொள்வதே மேல்.

கோரிக்கையை நிறுவனம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது நியாயமில்லை என்று தோன்றினால், இறுதி முடிவு வந்த 6 மாதத்துக்குள் நிதிச் சந்தை நடுவர் சேவையிடம் முறையிடலாம். 2025 ஜனவரி முதல் இயங்கும் இந்த அமைப்பு, நம்மைப் போன்றவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை.

அந்தப் பெரியவர் காரை உதிரிப்பாகக் கடைக்கு விற்றுவிட்டார். இப்போது பேரப்பிள்ளை பஸ்ஸில் பள்ளிக்கு வருகிறான். நூறு வெள்ளியும் ஒரு கேள்வியும் அந்தக் காரைக் காப்பாற்றியிருக்கும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இன்றிரவே பெட்டியைத் திறந்து காப்புறுதிப் பத்திரத்தை எடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை அருகில் உட்காரவைத்து, 'சிறப்பு இடர்' அதில் இருக்கிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டுவாருங்கள். மரம் சாய்ந்த பிறகு படிப்பதைவிட, இன்றே சேர்ந்து படிப்போம்.