பினஃபோரும் வலைப்பந்தும்: ஜார்ஜ் டவுன் மாணவிகள் திடலுக்கு வந்த கதை

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் கருநீலப் பினஃபோர். இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் வெளிர்நீலப் பினஃபோர். ஆக மொத்தம் 11 ஆண்டுகளை நான் அந்தக் கையில்லாத உடையில் கழித்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் அடக்க ஒடுக்கமாக இருப்பதற்காக யாரோ கண்டுபிடித்த சீருடை அது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். மடிப்புக் கலையாமல் உட்கார், தாழ்வாரத்தில் ஓடாதே என்று கேட்டே வளர்ந்தவர்கள் வேறென்ன நினைப்போம்?

உண்மை நேர்மாறாக இருக்கிறது. பினஃபோரின் மூல வடிவம் ஓடுவதற்கும் குதிப்பதற்கும் தைக்கப்பட்ட உடை.

1885-இல் மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் என்ற சுவீடன் நாட்டுப் பெண்மணி, உடற்கல்வி ஆசிரியைகளுக்கான கல்லூரி ஒன்றை லண்டனில் தொடங்கினார். அன்றைய ஆங்கிலேயப் பெண்கள் இடுப்பை இறுக்கும் கச்சும், தரையைக் கூட்டும் பாவாடையும் அணிந்தவர்கள். அந்த உடையில் கையைத் தலைக்கு மேல் தூக்குவதே பெரும்பாடு. கல்லூரியின் மாணவி மேரி டெய்ட் 1890களில் இதற்கு ஒரு வழி கண்டதாகச் சொல்வார்கள். தோளிலிருந்து தொங்கும், மடிப்பு வைத்த, கையில்லாத ஓர் அங்கி. அதைச் சட்டைக்கு மேல் போட்டு, இடுப்பில் ஒரு வாரைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ‘ஜிம்ஸ்லிப்’ என்று அதற்குப் பெயர். உடற்பயிற்சிக் கூடத்துக்காக வந்த அந்த உடை, பிறகு பெண்கள் பள்ளிகளின் அன்றாடச் சீருடையாகி, பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்கெல்லாம் பரவியது. நாம் அணிந்ததும் அதே வெட்டுதான்.

வலைப்பந்தின் கதையும் அதே கல்லூரியைத் தொட்டுத்தான் போகிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் மகளிர் கல்லூரிக்குக் கொண்டுபோனார். மாணவிகள் அளவுக்கு மீறி ஓடக்கூடாது என்று ஆடுகளத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். 1893 மார்ச் மாதம் அங்கே நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. அதே காலத்தில் ஆஸ்டர்பெர்க்கின் கல்லூரிக்கும் இந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. வளையம் கிடைக்காததால் குப்பைக்கூடைகளைச் சுவரில் மாட்டி ஆடினார்களாம்! நீளப் பாவாடையோடு பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட முடியாது. அதனால் பந்து தட்டுவது இந்த ஆட்டத்தில் இல்லாமல் போனது. 1901-இல் இங்கிலாந்தில் விதிகள் அச்சேறின.

வலைப்பந்து ஆடியவர்களுக்கு அந்த விதிகள் மனப்பாடம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. மூன்று வினாடிக்குள் கைவிட வேண்டும். உனக்குரிய பகுதியைத் தாண்டி ஒரு கால் வைத்தாலும் விசில். படிவம் ஒன்றில் பயிற்றுநர் இவற்றைச் சொன்னபோது, ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பாவாடை போய், அரைக்கால் சட்டை வந்துவிட்டது. விதி மட்டும் இன்னும் பாவாடை கட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த உடையும் விளையாட்டும் கப்பலேறி வந்து இறங்கிய ஊர்களில் நம் ஜார்ஜ் டவுனும் ஒன்று. அவை வருவதற்கு முன்பே இங்கே பெண்கள் பள்ளிகள் இருந்தன. 1852-இல் மதர் மத்தில்டும் மற்ற பிரெஞ்சு கன்னியாஸ்திரீகளும் தொடங்கிய கான்வென்ட், 1859-இல் லைட் ஸ்திரீட் கடலோரத்துக்கு இடம் மாறியது. பிரான்சிஸ் லைட் காலத்து அரசாங்க மாளிகை அந்த வளாகத்துக்குள்தான் இருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள், விடுதிப் பிள்ளைகள், கதவருகே விட்டுச் செல்லப்பட்ட அனாதைக் குழந்தைகள் என்று எல்லாரும் ஒரே மதிலுக்குள் வளர்ந்தார்கள். 1885-இல் ஆங்கிலிகன் பாதிரியார் பிக்ஸின் மனைவி தொடங்கியது செயிண்ட் ஜார்ஜ் பெண்கள் பள்ளி. அது பிற்பாடு நார்த்தம் ரோட்டுக்கும், 1950களில் மெக்கலிஸ்டர் ரோட்டுக்கும் போனது. 1892-இல் மெதடிஸ்ட் மிஷனின் பெண்கள் பள்ளியும் வந்தது.

அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்குப் போன ஒரு மாணவியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். 1906-இல் பினாங்கில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் வசதியான வீட்டுப் பெண் ரிக்‌ஷாவில்தான் வருவாள், துணைக்கு ஓர் ஆள் வரும். ஆங்கிலம், கணக்கு, தையல், பாட்டு, வேதப் பாடம். நீண்ட நாள் படிக்க அனுமதி கிடைத்தவர்கள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுவார்கள். பலருக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. பாபா நியோன்யா குடும்பங்களில் பெண்ணுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதானால் திருமணம் வரை வீட்டுக்குள்தான்.

நம்மவர்கள் நிலை? நாட்டின் முதல் தமிழ் வகுப்பு 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கியதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் நூறு ஆண்டுகள் கழித்தும் ஆங்கிலப் பெண்கள் பள்ளியில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்தால், அவள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து அரசாங்க குமாஸ்தாவின் மகளாகவோ கிறிஸ்தவ ஆசிரியரின் மகளாகவோ இருந்திருப்பாள். துறைமுகத் தொழிலாளியின் மகளும் தோட்டத்துப் பெண்ணும் அந்த வாசலை மிதிக்கவில்லை. மிதித்தவர்களும் பெரியவளானதும் நின்றுவிட்டார்கள்.

இந்த நிலையில் பெண் பிள்ளையைத் திடலில் இறக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசிக்க வேண்டும். படிப்புக்கும் தையலுக்கும் ஒரு நியாயம் சொல்ல முடியும். பூவேலை செய்த தலையணை உறையை மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டலாம். எத்தனை கோல் போட்டாள் என்பதை யாரிடம் காட்டுவது? விளையாட்டு வீட்டுக்கு எந்தப் பயனும் இல்லாதது, அந்தப் பெண்ணுக்கு மட்டுமே சொந்தமானது. அதனால்தான் எதிர்ப்பும் அதற்கே அதிகம் இருந்தது என்று நினைக்கிறேன். கான்வென்டின் உயரமான மதிலைப் பார்த்து ‘சிறைபோல இருக்கிறதே’ என்று நான் ஒருமுறை சொன்னதுண்டு. இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். வெளியாள் கண் படாது என்ற நம்பிக்கையில்தான் பல பெற்றோர் சம்மதித்திருப்பார்கள். (அந்த மதில் நிஜமாகவே சிறையான காலமும் உண்டு. 1943-இல் ஜப்பானியர்கள் பிடித்த யு.எஸ்.எஸ். கிரெனேடியர் நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகளைக் கான்வென்டில்தான் அடைத்தார்கள். அவர்கள் சுவரில் கீறிய பெயர்களைப் பள்ளி அழிக்காமல் காத்தது.)

வெளியுலகமும் அன்று பெரிதாக முன்னேறிவிடவில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முறையாகத் திடல்தடப் போட்டிகள் வைத்தார்கள். 800 மீட்டர் ஓடி முடித்த பெண்கள் களைத்துப்போனதைப் பார்த்து, ‘இது பெண் உடம்புக்கு ஆகாது’ என்று அந்த ஓட்டத்தையே நீக்கினார்கள். அது திரும்ப வந்தது 1960-இல். ஓடி முடித்த ஆண்கள் களைப்பதில்லையா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த ஓட்டம் திரும்பி வந்து ஐந்தே ஆண்டுகளில், 1965 கோலாலம்பூர் சீயாப் விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான 800 மீட்டர் தங்கத்தை வென்றவர் பேராக், தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜாமணி. 200, 400 மீட்டர் தங்கங்களும் அவருக்குத்தான். 1966 டிசம்பரில் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அந்த ஆண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலில் போனது இந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு.

பேங்காக் செய்தி வந்த நாள் என் பாட்டிக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாட்டி 1960களின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தவர். வலைப்பந்துக் குழுவில் கோல் ஷூட்டர். உயரம்தான் காரணம் என்பார். படிவம் மூன்றில் ஒரு மாலை, துறைமுகத்தில் வேலை செய்த கொள்ளுத் தாத்தா வழக்கத்தைவிடச் சீக்கிரம் சைக்கிளில் அழைக்க வந்துவிட்டார். மகள் அரைக்கால் சட்டையோடு குதித்துப் பந்து பிடிப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

“அங்க ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்துதான், காலக் காட்டிக்கிட்டு குதிக்கவா ஒன்னைய அனுப்பினேன்னு கேட்டாரு” என்றார் பாட்டி. மறுநாளே குழுவிலிருந்து விலகல். எல்.சி.இ. தேர்வு முடிந்ததும் பள்ளியிலிருந்தும் விலகல்.

“ராஜாமணி செயிச்சப்ப தாத்தா என்ன சொன்னாரு பாட்டி?”

“நம்ம தமிழ்ப் பொண்ணுன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய் பேப்பர வாசிச்சுக் காட்டினாரு. அவருக்கு அவ்ளோ பெருமை. நான் குசினியில இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இன்று கதை மாறிவிட்டது. செயிண்ட் ஜார்ஜ் பள்ளியில் படித்த நிக்கோல் டேவிட் எட்டு முறை ஸ்குவாஷ் உலக வெற்றியாளரானார். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து முதல் இடத்தில் இருந்தார். 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் வலைப்பந்துத் தங்கம் மலேசியாவுக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 208 சென்டிமீட்டர் உயரத்தோடு, இலங்கைக்காக வளையத்தின் கீழ் நின்றபோதெல்லாம் எதிரணிக்கு நடுக்கம்தான். அவரும் கோல் ஷூட்டர்தான். பாட்டிக்கு அவருடைய ஆட்டத்தைக் கைப்பேசியில் காட்டினேன். “எட்டிப் பிடிக்கவே வேணாம் போல” என்று சிரித்தார்.

ஆனால் என் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. என்னை யாரும் தடுக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று யாரும் முறைக்கவில்லை. அப்பாவே காரில் கொண்டுபோய் விட்டார். அப்படியிருந்தும் படிவம் நான்கில் நானாகவே நிறுத்தினேன். எஸ்.பி.எம்., கூடுதல் கணிதம், வாரத்துக்கு நான்கு நாள் டியூஷன். எங்கள் குழுவில் இருந்த மூன்று தமிழ்ப் பெண்களில் ஒருவர்கூடப் படிவம் ஐந்து வரை ஆடவில்லை. புறப்பாட மதிப்பெண்ணுக்குப் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. பாட்டியிடமிருந்து பறிக்கப்பட்டதை நான் கேட்காமலே கொடுத்துவிட்டேன் என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

என் தங்கச்சி இப்போது படிவம் மூன்று, கோல் அட்டேக். சனிக்கிழமை காலைப் பயிற்சியும் கணித டியூஷனும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. பயிற்சியை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பாட்டி குறுக்கே வந்து, “வாத்தியாருக்கு போன் போட்டு ஞாயித்துக்கெழமைக்கு மாத்திக் குடுக்கச் சொல்லு” என்றார். அப்பா போன் செய்தார். ஐந்து நிமிடத்தில் மாறிவிட்டது. இத்தனை சுலபமா என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இப்போது சனிக்கிழமைகளில் பாட்டியும் கூடவே போகிறார். ஆடுகளத்தின் ஓரம், மரநிழலில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். தங்கச்சி கையில் பந்து வந்ததும் விரல் மடக்கி எண்ணத் தொடங்கிவிடுவார். மூன்று வினாடி தாண்டினால் நடுவர் விசில் ஊதுவதற்கு முன்பே பாட்டியின் குரல் கேட்கும்.