குழந்தைகள் பொம்மையால் போலீஸ் வயர்லெஸ் 'கப்சிப்': அமெரிக்காவில் அம்பலமான ஓட்டை

மாறுவேடத்தில் போலீஸ்காரர் எங்கே நிற்கிறார், துப்பு கொடுத்த ஆள் யார் என்பதெல்லாம் வயர்லெசில் ஓடுகிறது. அதை யாரோ ஒருத்தன் ஹாயாக உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தால் கதி என்ன?

அமெரிக்காவில் இதற்கு வழி இருந்தது 2011-ம் ஆண்டு வெட்டவெளிச்சமானது.

அங்கு போலீஸ், தீயணைப்பு படை, ஆம்புலன்ஸ், மத்திய புலனாய்வு ஏஜெண்டுகள் எல்லோரும் பயன்படுத்துவது 'பி25' என்ற டிஜிட்டல் வயர்லெஸ். பேச்சை ரகசிய குறியீடாக மாற்றி அனுப்பும் வசதி இதில் உண்டு. அதற்கான 'சாவி' உள்ள செட்டில் மட்டுமே பேச்சு கேட்கும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழக பேராசிரியர் மேட் பிளேஸ் குழுவினர், கடையில் கிடைக்கும் ரிசீவரை வைத்து சில பெரிய நகரங்களில் 2 ஆண்டுகள் கேட்டுப் பார்த்தனர். மத்திய ஏஜெண்டுகளின் ரகசிய பேச்சு, ஒரு நகரத்தில் தினமும் சராசரியாக 20 நிமிடத்துக்கு மேல் அப்பட்டமாக வந்து விழுந்தது. யாரை கண்காணிக்கிறார்கள், இன்பார்மர் யார்... எல்லாமே!

பூட்டை யாரும் உடைக்கவில்லை. பூட்டவே இல்லை, அவ்வளவுதான். ரகசிய வசதிக்கு செட்டில் ஒரு குட்டி சுவிட்ச். அதிலுள்ள குறிகள் பார்த்ததும் புரியாது. தவறாக இருந்தாலும் எதிர்முனையில் நன்றாகவே கேட்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சில சமயம் ஒருவரது செட்டில் மட்டும் சாவி காலாவதியாகி இருக்கும். அவருக்காக மொத்த டீமும் பூட்டை கழற்றி விட்டு பேசும்.

பொம்மை செய்த வேலை

இன்னொரு ஓட்டைதான் பகீர் ரகம். குழந்தைகள் மெசேஜ் அனுப்பி விளையாடும் ரோஸ் கலர் பொம்மையில் வேறு புரோகிராம் ஏற்றி, தங்கள் சொந்த செட்களையே முடக்கிக் காட்டினர்.

பி25-ல் பேச்சு துண்டு துண்டாக போகும். ஒரு துண்டில் 1,728 'பிட்'. தலைப்பகுதியில் 64 பிட்டை கெடுத்தால் போதும், முழு துண்டும் காலி. சத்தமே வராது. எரியும் கட்டிடத்துக்குள் மாட்டிய தீயணைப்பு வீரர் உதவி கேட்டு கத்தினாலும் வெளியே இருப்பவருக்கு கேட்காது.

ரகசிய பேச்சை மட்டும் குறிவைத்தும் முடக்கலாம். 'செட் மக்கர் பண்ணுது' என்று நினைத்து போலீசாரே பூட்டை கழற்றி விட்டு பேசுவார்கள். கில்லாடிகளுக்கு வேண்டியதும் அதுதானே!

சாவியை அடிக்கடி மாற்றாதீர்கள், சுவிட்சை நம்பி இருக்காதீர்கள் என்று ஆய்வாளர்கள் யோசனை கூறினர். பொம்மை விவகாரத்துக்கு அப்படி சுலப வழி கிடையாது. பேச்சை துண்டாக்கி அனுப்பும் முறையையே மாற்றினால்தான் உண்டு.