உண்ணிக் காய்ச்சல்: கிருமியின் இனமும் மருந்தும்

"இது வைரஸ் காய்ச்சலா, பாக்டீரியா காய்ச்சலா?" என்று நோயாளியுடன் வருவோர் எங்களிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. கிருமிகளை வைரஸ், பாக்டீரியா, பூஞ்சை, ஒட்டுண்ணி என்று நாங்கள் வகைப்படுத்துவது, எந்த மருந்து பயன்தரும் என்பதை அறிவதற்காகவே. ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை அழிக்காது. பாக்டீரியாவிலும் ஒன்றை அழிக்கும் மருந்து மற்றொன்றை அழிக்காமல் போகலாம்.

களக்காடு போன்ற மலையடிவார ஊர்களில் இதற்குத் தக்க சான்று, ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். பெயர் சற்றே குழப்பக்கூடியது. மாட்டின் மேல் நாம் காணும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம்பருவச் சிற்றுண்ணி கடிப்பதாலேயே இது தொற்றுகிறது.

இதற்குக் காரணமான ஓரியன்ஷியா என்னும் கிருமி அறிவியலாரையே நெடுங்காலம் தடுமாறச் செய்தது. வைரஸைப் போல இதுவும் உயிரணுக்களின் உள்ளே மட்டுமே பெருகும். ஆகவே இவ்வகைக் கிருமிகள் ஒருகாலத்தில் வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் இடைப்பட்டவையாகக் கருதப்பட்டன. பின்னர் இவை பாக்டீரியாவே எனத் தெளிவாயிற்று. ரிக்கெட்சியா பேரினத்தில் இருந்த இக்கிருமி, 1995-இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது.

உயிரணுவின் உள்ளே வாழ்வதால், வழக்கமான இரத்த வளர்ப்புச் சோதனையில் இது வளராது. 'கிருமி இல்லை' என முடிவு வந்தாலும் நோய் இருக்கலாம். பெனிசிலின் குடும்ப மருந்துகளும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் பாக்டீரியாவின் புறச்சுவரைத் தாக்குபவை. இக்கிருமியிடம் அவை பலிப்பதில்லை. டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் உயிரணுவினுள் புகுந்து, கிருமியின் புரத உற்பத்தியைத் தடுக்கின்றன. நோய் கடுமையானால் இவ்விரண்டையும் ஊசிவழி சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதினும் மேலானது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய, 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு தோன்றலாம், எல்லோருக்கும் தோன்றாது. பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் அடிப்புறம் ஆகிய மறைவிடங்களில் பாருங்கள். மூதாட்டிகள் கூச்சத்தால் சொல்லமாட்டார்கள். மகளோ மருமகளோ பார்த்துச் சொன்னால் எங்களுக்குப் பேருதவி.

வாழைத்தோப்பு, புல்லறுப்பு, ஆடு மேய்ச்சல் எனச் சென்ற இடங்களைச் சொல்லுங்கள். கடையில் வாங்கி உட்கொண்ட மாத்திரைகளின் அட்டையையும் கொண்டுவாருங்கள். காய்ச்சலுடன் மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ சிறுநீர்க் குறைவோ கண்டால் அன்றே வந்துவிட வேண்டும். கருவுற்றிருப்பவர் அதனை முதலிலேயே தெரிவித்தால் அசித்ரோமைசினைத் தேர்ந்தெடுப்போம்.