பெயரை மறைக்கும் பெயர்

பாலக்காட்டில் நின்று ஒருவர் சித்தூருக்கு வழி கேட்டால், ஆந்திரத்துச் சித்தூரை எவரும் நினைப்பதில்லை. சோகநாசினி ஆற்றங்கரைச் சித்தூரையே காட்டுவர். இடுக்கி எல்லையில் குமுளியில் வாழ்வோர்க்குக் கூடலூர் என்பது மலையடிவாரத்துத் தேனி மாவட்டக் கூடலூர். நீலகிரிக் கூடலூர் அச்சொல்லின் பின்னே மறைந்துவிடுகிறது. அங்கேயே இருப்பவர்க்கு இதனால் இடரில்லை. பம்பாயிலிருந்தும் தில்லியிலிருந்தும் ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவர்க்கே இடர்.

கணிப்பொறி நிரல்களிலும் இதுவே முறை. 1960-இல் வரையறுக்கப்பட்ட அல்கால் மொழி, நிரலைக் கட்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டிற்கும் தனிப் பெயர்கள் வைத்துக்கொள்ள இடந்தந்தது. வெளிக்கட்டின் பெயரை உட்கட்டிலும் வைத்தால், உள்ளே உட்பெயரே செல்லும். மனிதன் தன் கையால் எழுதும்போது இரண்டும் கண்முன் இருக்கும். நிரலின் ஒரு பகுதியைப் பொறியே எழுதித் தரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

இரு குவளைகளிலுள்ள பாலையும் மோரையும் இடம் மாற்ற மூன்றாவது குவளை ஒன்று வேண்டுமல்லவா? சி மொழியில் இதற்கு 'மேக்ரோ' என்னும் வார்ப்பு ஒன்றை எழுதிவைப்பர். இரு மாறிகளின் பெயரைச் சொன்னால் அது விரிந்து, 'டி' என்னும் மூன்றாம் மாறியைத் தானே படைத்து, மாற்றித் தரும். நூறு முறை பிழையின்றி நடக்கும். நூற்றோராம் முறை, அழைப்பவருடைய குவளைகளுள் ஒன்றின் பெயரும் 'டி' என்றிருந்தால்? அவருடைய 'டி' மறைந்துபோகும். மேக்ரோ தன் குவளையைத் தனக்குள்ளேயே ஊற்றிக்கொண்டு, பின்னர் மற்றதை எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கும். பாலும் மோரும் இருந்த இடத்திலேயே இருக்கும். வேலை முடிந்ததாக நிரல் மேலே செல்லும். தவறு என்று கூவி நிற்கும் நிரலைவிட இவ்வாறு அமைதியாகப் பொய்க்கும் நிரலே கொடிது.

இதற்கு மருந்து, பொறி படைக்கும் பெயர் வேறெவரும் வைக்க இயலாத பெயராக இருத்தல். லிஸ்ப் மொழியினர் புதுப்பெயர் வழங்குவதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தனர். சி மொழி, இரண்டு அடிக்கோடுகளில் தொடங்கும் பெயர்களைக் கம்பைலருக்கும் அதன் நூலகத்திற்கும் ஒதுக்கிவிட்டது. 1986-இல் கோல்பெக்கரும் தோழர் மூவரும், மேக்ரோ விரியும்போதே பெயர்களைத் தானாக மாற்றிக் காக்கும் முறையை வகுத்தனர். நம் அஞ்சல் துறை 1972 ஆகஸ்டு 15 முதல் ஆறு இலக்க எண் தந்து இரு கூடலூர்களையும் பிரித்ததும் ஏறத்தாழ இதே உபாயம்தான்.

பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இத்தொழில் புரியும் நம் இளைஞர்க்கு ஒரு சொல்: ஜி.சி.சி. கம்பைலரில் 'டபிள்யூ-ஷேடோ' என்னும் எச்சரிக்கை உண்டு. கேட்டால்தான் அது பேசும்.