கிறிஸ்துமஸ் பேய்க்கதைகளின் இயக்குநர்

லாரன்ஸ் கார்டன் கிளார்க், பிரிட்டிஷ் தொலைக்காட்சி இயக்குநர். பிபிசிக்கு ஆவணப்படங்கள் எடுத்துவந்த இவர், 1971இல் எம்.ஆர். ஜேம்ஸ் எழுதிய பேய்க்கதை ஒன்றைப் படமாக்கினார். நார்விச் பேராலயத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படம் கிறிஸ்துமஸையொட்டி ஒளிபரப்பானது. கிறிஸ்துமஸ் இரவில் பேய்க்கதை சொல்வது இங்கிலாந்தின் பழைய வழக்கம். ஜேம்ஸும் கேம்பிரிட்ஜில் தம் கதைகளை நண்பர்களுக்கு அப்படித்தான் வாசித்துக்காட்டினார்.

அதையும் சேர்த்து 1977 வரை ஆண்டுக்கு ஒரு பேய்ப்படம் என மொத்தம் ஏழு படங்களை கிளார்க் இயக்கினார். அவற்றில் ஐந்து, ஜேம்ஸின் கதைகள். 1972இல் வந்த 'எ வார்னிங் டு த கியூரியஸ்' நார்ஃபோக் கடற்கரையில் எடுக்கப்பட்டது. புதைந்து கிடந்த பழைய மணிமுடியை ஒருவன் தோண்டி எடுக்கிறான். ஆளரவமற்ற மணல்வெளியில் தொலைவில் ஒரு கறுத்த உருவம் நிற்கிறது. முகம் தெரிவதில்லை, அச்சமூட்ட அதுவே போதுமானதாக இருந்தது. ஆவணப்படக் கலைஞருக்கே உரிய இயல்பான இடத்தேர்வு இதில் நன்றாகவே கைகொடுத்தது.

1976இல் சார்லஸ் டிக்கென்ஸின் 'தி சிக்னல்மேன்' வந்தது. சுரங்கப்பாதை வாயிலில் சிவப்பு விளக்கருகே தனித்திருக்கும் ரயில்வே ஊழியராக டென்ஹோம் எலியட் நடித்தார்.

பிறகு கிளார்க் 'ஜமைக்கா இன்', 'கைமேரா' போன்ற தொடர்களை இயக்கினார். நின்றுபோன கிறிஸ்துமஸ் வரிசையை பிபிசி 2005இல் மீண்டும் தொடங்கியது. அப்போதும் முதலில் எடுத்தது ஜேம்ஸின் கதையைத்தான்.