மெழுகும் மெழுக்கும்

மெழுகு என்னுஞ் சொல் பெயராயும் வினையாயும் ஒரு வடிவே கொண்டு நிற்பது. பெயராயவழித் தேனடையினின்று பெறும் பொருளைக் குறிக்கும். வினையாயவழி ஆன்சாணத்தைக் கரைத்து நிலத்திற் பூசுதலைக் குறிக்கும். தேனீயின் மெழுகே முதற்பொருள் என்றும், நிலமெழுகுதல் அதன் ஒப்புமையாற் பிறந்தது என்றும் கருதத் தோன்றும். அது பொருந்தாது. என்னை? சித்த மருத்துவத்தில் இரசகந்தி மெழுகு, நந்தி மெழுகு எனப்படுவன அரைத்துக் குழைத்த பதம் பற்றியே அப்பெயர் பெற்றன. மலையாளத்தில் மெழுக்கு என்பது எண்ணெய்ப்பசை. மெழுக்குப்புரட்டி என்னுங் கறியின் பெயரில் அதனைக் காண்க. இக்காலத்து மெழுகுவர்த்தியும் பெரும்பாலும் கல்லெண்ணெயினின்று எடுத்த பாரபினே. தேனீக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே குழைந்து பசைந்து படியுந் தன்மையே இச்சொல்லின் உள்ளீடு என்க.

பழந் தகடூராகிய தருமபுரிப் பகுதியில் இவ்வாராய்ச்சிக்குச் செவியே துணையாகும். அங்குத் தமிழரோடு கன்னடம் பேசுவாரும் தெலுங்கு பேசுவாரும் கலந்து வாழ்கின்றனர். தமிழர் மெழுகு என்பதனைக் கன்னடர் மேண என்பர். தெலுங்கர் மைனம் என்பர். பின்னிரண்டும் வடமொழி மதனம் என்பது பாகதத்தில் மயணம் எனத் திரிந்த வழியில் வந்தன. தமிழோ தன் சொல்லையே போற்றிக்கொண்டது.

வடமொழியில் மதூச்சிட்டம் என்பதும் ஒரு பெயர். மது எடுத்தபின் எஞ்சியது என்பது பொருள். மானசாரம் படிமம் வார்க்கும் முறையை மதூச்சிட்ட விதானம் என்றே கூறும். சுவாமிமலைத் தபதியர் மெழுகொடு குங்கிலியமும் எண்ணெயுஞ் சேர்த்து உருவமைத்து, காவிரி வண்டலைப் பூசிக் காய்ச்சுவர். மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகம் நிறையும்.

இவ்வேறுபாடு அறியாதார் திருமுறையிற் பொருள் மயங்குவர். நாவரசர் திருவாரூர்த் திருத்தாண்டகத்தில் அலகிடுதலோடு சேர்த்து ஓதிய மெழுக்கு, திலகவதியார் திருவதிகையில் நாளும் ஆற்றிய சாணமெழுக்கே. சரியைத் தொண்டு அது. தளமெல்லாம் கல்லாகிவிட்ட இந்நாளில் அதனைப் பளபளப்பேற்றுதல் எனக் கொள்ளுதல் பிழை. மணிவாசகர் போற்றித் திருவகவலில் தழலெதிர்ப்பட்ட மெழுகை உவமித்ததோ உருகுதல் பற்றியது. ஆண்டுப் பொருள் தேன்மெழுகேயாம்.