'கசியும் குடல்' உண்மையா? குடல் சுவரின் புரதங்களுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு

'கசியும் குடல்' என்ற சொல் சமூக வலைதளங்களில் பரவலாகப் பேசப்படுகிறது. சோர்வு முதல் தோல் அரிப்பு வரை பல தொல்லைகளுக்கு அதுவே காரணம் எனக் கூறி, பரிசோதனைகளும் மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. குடல் சுவர் கசியக்கூடும் என்பதை அறிவியலும் ஏற்கிறது. ஆனால், விளம்பரங்கள் சொல்வதற்கும் ஆய்வுகள் காட்டுவதற்கும் இடையே பெரும் இடைவெளி உள்ளது.

குடலுக்குள் இருக்கும் உணவையும் பாக்டீரியாக்களையும் உடலின் உட்பகுதியிலிருந்து பிரித்து நிற்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தாம். அவையும் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை தோன்றுகின்றன. அடுத்தடுத்த செல்களை இணைத்து, இடைவெளியை அடைப்பவை 'இறுக்கச் சந்திப்புகள்' எனப்படும் புரதத் தொகுப்புகள். இவற்றில் இசட்ஓ-1 என்ற புரதம் 1986இல் கண்டறியப்பட்டது. ஆக்லூடினை 1993இலும் கிளாடின்களை 1998இலும் ஜப்பானின் ஷோய்ச்சிரோ சுகிட்டா குழுவினர் கண்டறிந்தனர்.

எல்லாக் கிளாடின்களும் இடைவெளியை மூடுவதில்லை. கிளாடின்-2, சோடியமும் நீரும் கடந்து செல்லும் நுண்துளையாகச் செயல்படுகிறது. குடல் அழற்சி நோய் உள்ளவர்களிடம் இதன் அளவு கூடுகிறது. ஆகவே குடல் சுவரை மூடிய மதில் என்பதைவிட, ஆள் பார்த்துத் திறக்கும் வாயில் என்பதே பொருந்தும்.

நார்ச்சத்தின் பங்கு

நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் மனித உடலில் இல்லை. பெருங்குடலை அடையும் நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் உள்ளிட்ட கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் செல்களுக்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை பியூட்டிரேட்டே தருகிறது. இறுக்கச் சந்திப்புகள் விரைந்து உருவாக அது உதவுவதையும் ஆய்வகச் செல் சோதனைகள் காட்டியுள்ளன.

பாக்டீரியாக்களின் இந்த வேலை நோயாளிகளுக்கும் பயன்படும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2000இல் வெளியாகின. எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை உப்பு-சர்க்கரைக் கரைசலில் கலந்து கொடுத்தபோது, காலரா நோயாளிகளின் வயிற்றுப்போக்கு விரைவில் நின்றது. இவ்வகை மாவுச்சத்து, சோற்றை ஆறவைக்கும்போதும் ஓரளவு கூடுகிறது. தமிழகத்தின் பழைய சோறும் ஒடிசாவின் பகாலாவும் இந்த வகையில் கவனத்துக்குரியவை.

நார்ச்சத்து கிடைக்காதபோது நடப்பதை அமெரிக்காவில் 2016இல் வெளியான எலி ஆய்வு காட்டியது. உணவின்றித் தவித்த பாக்டீரியாக்கள், செல்களுக்கு மேலே போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே உண்ணத் தொடங்கின. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி செல்களை எளிதில் நெருங்கியது. பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

பரிசோதனைகளை நம்பலாமா?

காலரா கிருமியின் நச்சு ஒன்று இறுக்கச் சந்திப்புகளைத் தளர்த்துவது 1991இல் தெரியவந்தது. அதைப் போலச் செயல்படும், மனித உடலிலேயே உண்டாகும் 'சோனுலின்' என்ற புரதத்தை அமெரிக்காவில் அலெசியோ ஃபசானோ குழுவினர் 2000இல் அறிவித்தனர். கோதுமையில் உள்ள கிளையடின் அதைத் தூண்டுகிறது என்பதால், சீலியாக் நோய் ஆய்வில் அது முக்கியத்துவம் பெற்றது. எனினும், சந்தையில் கிடைக்கும் சோனுலின் பரிசோதனைகள் வேறு புரதங்களை அளப்பதாகப் பிற்கால ஆய்வுகள் கண்டறிந்தன. சந்திப்புகளை இறுக்கும் நோக்கில் உருவான லாரசோடைட் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையும் 2022இல் கைவிடப்பட்டது. இந்நிலையில், இத்தகைய பரிசோதனை முடிவை மட்டும் நம்பி உணவை ஒதுக்குவதோ மாத்திரை வாங்குவதோ பணவிரயமே.

குடல் கசிவு உண்மையில் பெரும் சுமையாக இருப்பது ஏழைக் குழந்தைகளிடம்தான். அசுத்தமான நீராலும் சூழலாலும் ஓயாமல் கிருமிகளை எதிர்கொள்ளும் குழந்தைகளின் சிறுகுடல் உறிஞ்சிகள் தேய்ந்து, சுவரும் தளர்கிறது. உண்ணும் உணவு உடலில் சேர்வதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதற்கான பல காரணங்களில் இதுவும் ஒன்றாகக் கருதப்படுகிறது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளில், எளிய கழிப்பறைகளும் கைகழுவும் வசதியும் மட்டும் குழந்தைகளின் உயரத்தைக் கூட்டவில்லை. ஊட்டச்சத்து வழங்கியபோது சிறிதளவே கூடியது. கிருமிகள் குழந்தையின் வாயை எட்டாதபடி சுற்றுப்புறத்தையே மாற்றும் அளவுக்குத் தூய்மைப் பணிகள் விரிவடைய வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.